இல்லாத மூன்று நட்சத்திரங்கள்

நிசான் மாதம் 5, திங்கள்

இன்னும் பதின்மூன்று நாளில், ஞாயிறு விடியற்காலையில், நான் ஒரோந்தஸ் ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் பெறப் போகிறேன். அதுவரை செய்கிற பாவங்களை ஒன்றுவிடாமல் தினமும் எழுதி வைக்க வேண்டும் என்பது திரிபோசாள் அத்தையின் உத்தரவு. எங்கள் பேத்மாரா சபையில் ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கிற எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். கடைசி நாளில் எழுதியதையெல்லாம் ஆற்றில் போட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்க வேண்டும்.

மற்றவர்கள் மெழுகுப் பலகைக்கு அலைகிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. என் அப்பா யாசோன் குயவர். எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் உடைந்த பானைக்குப் பஞ்சம் வராது. ஓர் ஓட்டாஞ்சில்லு, ஒரு நாணல் பேனா, விளக்குக் கரியைக் குழைத்த மசி, அவ்வளவுதான். பெரிய சில்லு கிடைத்த நாளில் பெரிய பாவமாகச் செய் என்று அப்பா கேலி செய்கிறார்.

இன்றைய பாவம்: அத்தை ஜெபிக்கும்போது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அத்தையும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஞானஸ்நானம் பெற்று இருபது வருடம் ஆகிறது. அதனால் அவள் எழுத வேண்டியதில்லை.

நிசான் 6, செவ்வாய்

இன்று பாவம் எதுவும் இல்லை.

அப்பா இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர்மேல் கோபம் வந்தது. ஆகவே ஒன்று.

நிசான் 7, புதன்

புதனும் வெள்ளியும் எங்களுக்கு உபவாசம். பிற்பகல் வரை பட்டினி கிடந்து, அதற்குப் பிறகு ரொட்டியும் ஒலிவக்காயும். மாலையில் ஜெபத்துக்காகச் சபையார் எங்கள் வீட்டில் கூடுவார்கள். நான் வாசலில் காயவைத்திருந்த, இன்னும் சுடாத பச்சை மண் விளக்குகளை உள்ளே எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் வந்தார்.

முழங்கால் வரை தூசி. மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. காதுகள் இரண்டும் ஜாடிக் கைப்பிடிகள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. சிரித்தபோது மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. இதையெல்லாம் நான் கவனித்தது சபையின் பாதுகாப்புக்காக.

பெயர் ஏரஸ்து. கடற்கரைச் சபையிலிருந்து வருகிறார். ஊர் ஊராக நடந்து போய்க் கர்த்தரின் செய்தியைச் சொல்வது அவர் ஊழியம். கையில் நற்சாட்சிக் கடிதம் இருந்தது, அதில் எல்லாம் சரியாக இருந்தது.

இப்படி வருகிற ஊழியக்காரருக்கு எங்கள் சபையில் ஒரு சட்டம் உண்டு. ஒரு நாள் தங்கலாம். அவசியம் என்றால் இரண்டாம் நாளும் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. சட்டம் கடுமைதான், ஆனால் காரணம் இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது ஒருவர் வந்து நான்கு மாதம் தங்கினார். வியாழக்கிழமைதோறும் அவர்மேல் ஆவி இறங்கும். இறங்கிய ஆவி ஆட்டுக்கறி கேட்கும். கடைசி ஆடும் தீர்ந்த அன்று காலையில் ஆளைக் காணவில்லை.

சட்டம் இருந்தால் சண்டையும் இருக்க வேண்டுமே. எங்கள் மூப்பர் மனாயீன் ஐயா யூதராகப் பிறந்தவர். அவருக்கு நாள் என்பது சூரியன் மறையும்போது தொடங்குகிறது. அப்பா கிரேக்கர். அவருக்கு விடியும்போது தொடங்குகிறது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருவரும் இதைப் பேசுகிறார்கள். மூப்பர் என்பதால் கணக்கு மனாயீன் ஐயா கணக்குத்தான். ஆகவே கேள்வி இதுதான்: ஏரஸ்து எங்கள் வாசலை மிதித்தது சூரியன் மறைவதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால், அவர் கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே முதல் நாள் முடிந்துபோயிற்று. நாளை மாலைக்குள் கிளம்ப வேண்டும். பின்பு என்றால் வெள்ளி மாலை வரை இருக்கலாம்.

மனாயீன் ஐயா வாசலில்தான் நின்றிருந்தார், ஆனால் அவருக்குக் கண் மங்கல். யார் பார்த்தது என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மூணு நட்சத்திரம் பார்த்தேன், ஐயா" என்றேன்.

மூன்று நட்சத்திரம் தெரிந்தால் நாள் மாறிவிட்டது என்பது அவர்கள் முறை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். யாரும் எதுவும் பேசவில்லை.

இன்றைய பாவம்: நட்சத்திரங்களைச் சரியாக எண்ணினேனா என்பதில் ஒரு சிறு சந்தேகம். வானம் பெரியது.

நிசான் 8, வியாழன்

இந்த மனிதருக்கு உட்கார்ந்து பேசத் தெரியாது. பேச ஆரம்பித்தால் கால்கள் தாமாகக் கிளம்பிவிடுகின்றன. முற்றத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே பிரசங்கம் செய்கிறார். குயவர் வீட்டு முற்றத்தில் இது ஆபத்து. முதல் அரை மணியில் ஏழு பச்சை விளக்குகள் நசுங்கின.

மீன் விழுங்கிய யோனா தீர்க்கதரிசியின் கதையை அந்த மீனின் பக்கத்திலிருந்து சொன்னார். மூன்று நாள் வயிற்றுக்குள் ஒரு ஆள் ஓயாமல் ஜெபம் பண்ணினால் அந்த மீனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டுவிட்டு, மீனைப் போலவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு முழி முழித்தார். மனாயீன் ஐயா சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அத்தை சிரிக்கவில்லை. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு அவர் திரும்பிய வேகத்தில் முழங்கை பட்டு, சுட்டு எடுத்து வைத்திருந்த சிறிய எண்ணெய் ஜாடி கீழே விழுந்தது. நேர்த்தியாக இரண்டாகப் பிளந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. துடைப்பம் எங்கே என்று என்னிடம் கேட்டார். நான் கொடுக்கும்போது அவர் கை மண்ணாக இருந்தது, என் கையும் மண்ணாக இருந்தது. இதில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

அத்தை அவரைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறாள். போலியா என்று கண்டுபிடிக்க நடத்தையைத்தான் பார்க்க வேண்டுமாம். ஆகவே நாள் முழுவதும் பார்த்தேன். சாப்பிடும்போது பார்த்தேன், கிணற்றடியில் பார்த்தேன், கழுதைக்கு வணக்கம் சொன்னபோது பார்த்தேன். சோதனை மிகவும் கவனமாக நடக்கிறது.

நான் எழுதுவதைக் கண்டு என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். பாவம் என்றேன்.

"இவ்வளவு சின்னச் சில்லுலயா? எனக்கெல்லாம் ஒரு முழு ஜாடி வேணும்" என்றார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு வாயைத் திறக்க முடியாது.

நிசான் 9, வெள்ளி, மாலை

போய்விட்டார். வெயில் இருக்கும்போதே, சட்டப்படி, சரியான நேரத்தில். ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அதுவும் கழுதை கத்தியதால்.

உடைந்த ஜாடியின் ஒரு பாதியில் இன்று காலையில் நிறைய எழுதினேன். அதைத் திரும்ப இங்கே சொல்ல மாட்டேன். அடுத்த ஊரான கீந்தாராவின் சபைக்கு நற்சாட்சிக் கடிதம் எழுதச் சொன்னார் அப்பா. வீட்டில் நல்ல கையெழுத்து எனக்குத்தான். ஜாடியின் மறு பாதியில் அதை எழுதினேன்: "சகோதரர் ஏரஸ்து உண்மையானவர். இரண்டு நாள் தங்கினார். உரிய நேரத்தில் புறப்பட்டார்." இரண்டு சில்லும் மசி காய அலமாரியில் இருந்தன. வழிக்கு ரொட்டியும் கடிதமும் துணியில் சுற்றிக் கொடுத்தது நான்தான். கண்ணில் சூளைப் புகை, கை எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

நிசான் 10, சனி

என்னைப் பூமி விழுங்கட்டும்.

இன்று அலமாரியைத் துடைக்கப் போனேன். அங்கே ஒரு சில்லு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். "சகோதரர் ஏரஸ்து உண்மையானவர்" என்று இருந்தது.

அப்படியானால் துணியில் சுற்றிக் கொடுத்தது எது?

சூளைப் புகையால் வந்த வினை என்று அப்பாவிடம் சொன்னேன், எதற்கு என்று சொல்லாமல். சூளை பற்றவைத்தே நான்கு நாள் ஆயிற்றே அம்மாடி என்றார் அப்பா. இந்த வீட்டில் எல்லோரும் தேவையில்லாத நேரத்தில்தான் உண்மை பேசுகிறார்கள்.

நற்சாட்சிக் கடிதத்தை யாரும் தனியாகப் படிப்பதில்லை. வருகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் அல்லவா, அதனால் ஞாயிறன்று சபை கூடியதும் வாசிப்பவர் எழுந்து நின்று உரக்க வாசிப்பார். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை, கீந்தாராவில், நாளை.

அந்தச் சில்லில் எழுதியது எனக்கு மனப்பாடம். இது பாவக்குறிப்பு என்பதால் இங்கேயும் இருக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்:

"இன்று சூரியன் மறைவதற்குள் அவர் போய்விடுவார். அவர் வந்தபோது வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. மலைமேல் நல்ல வெயில் இருந்தது. அவர் முகம் முழுக்கத் தெரிந்தது, அதனால்தான் பொய் சொன்னேன். ஒரு நாளைத் திருடினேன், அது போதவில்லை. காலை ஜெபத்தில் கர்த்தரிடம் நான் கேட்டது இது: இந்த மனிதர் கள்ளத் தீர்க்கதரிசியாக இருக்கட்டும். மூன்றாம் நாளும் தங்கட்டும், நான்காம் நாளும் தங்கட்டும். சபை துரத்தினால் நானும் கூடப் போகிறேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, காதுகள் உட்பட. பெர்சியாள், யாசோன் மகள்."

பெயரை வேறு போட்டிருக்கிறேன். பாவத்துக்குக் கீழே பெயர் போட வேண்டும் என்று சொன்ன அத்தை நன்றாக இருக்கட்டும்.

நிசான் 11, ஞாயிறு

இந்நேரம் வாசித்திருப்பார்கள்.

எங்கள் சபையிலும் அப்பம் பிட்பதற்கு முன் பாவ அறிக்கை. என் முறை வந்தது. எழுந்தேன். வெள்ளிக்கிழமை உபவாசம் முடிவதற்குள் ஓர் அத்திப்பழம் தின்றதாகச் சொல்லி உட்கார்ந்தேன். அப்படி ஒன்றும் தின்னவில்லை. பாவ அறிக்கையிலேயே பொய் சொல்கிற ஆள் இந்தச் சபையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கீந்தாரா மூப்பர் எங்கள் மூப்பருக்கு எழுதுவார். மனாயீன் ஐயா என் ஞானஸ்நானத்தை ஒரு வருடம் தள்ளிப்போடுவார். பொய்ச்சாட்சி சொன்னவளுக்கு அதுதான் தண்டனை. ஐந்து வயதிலிருந்து அந்த ஆற்றில் இறங்கக் காத்திருக்கிறேன். மற்றவர்கள் அப்பம் எடுக்கும்போது வெளி முற்றத்துக்குப் போய் நின்றே என் காலம் போகிறது. இன்னும் ஒரு வருடம் அங்கே நிற்க என்னால் முடியாது.

அதைவிடப் பெரிய கவலை, இப்போது அவர் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்பது. எது பெரிய கவலை என்பதில் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நிசான் 12, திங்கள்

இன்று ஒரு ஜாடிக்கு மூன்று கைப்பிடி வைத்தேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு விலை அதிகம் போடலாமா என்று மட்டும் யோசித்தார்.

நிசான் 13, செவ்வாய்

மலையில் பனி உருகி ஆற்றில் வெள்ளம். படகு ஓடவில்லை. கீந்தாராவிலிருந்து யாரும் வர முடியாது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

நிசான் 14, புதன்

கீந்தாராவிலிருந்து யாருமே வர முடியாதா?

நிசான் 16, வெள்ளி

நேற்று எழுதவில்லை, படகு மறுபடி ஓடுகிறது என்று கேட்டதிலிருந்து வாசலுக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். இன்று பெரிய சில்லாக எடுத்திருக்கிறேன்.

ஞானஸ்நானத்துக்கு முன் இரண்டு நாள் முழு உபவாசம், இன்று காலை தொடங்கினேன். எனக்குத் துணையாக அத்தையும் அப்பாவும் மனாயீன் ஐயாவும் பட்டினி. நடுப்பகலில் சக்கரத்தருகில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. தரையில் விழுந்த நிழலில் இரண்டு பக்கமும் காது இருந்தது.

அத்தை மாடியிலிருந்து தெருவே கேட்கும்படி கத்தினாள். "சூரியன் உச்சியில இருக்கு. எல்லாரும் பார்த்துக்கோங்க. உச்சியில." இன்று இரண்டு கணக்கிலும் வெள்ளிதான். வெள்ளி ஒன்று, சனி இரண்டு. நாளை சூரியன் மறைந்தால் மூன்றாம் நாள்.

அவர் துணியை அவிழ்த்துச் சில்லை எடுத்தார். ஜாடியின் அந்தப் பாதி. மசி கொஞ்சம்கூட அழியவில்லை. நல்ல மசி குழைக்கிறேன் என்று முதல்முறையாக வருத்தப்பட்டேன்.

மாறிப்போன கடிதத்தோடு வந்தவரைக் கீந்தாராவில் ஏற்றுக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். சரியான கடிதத்தை வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதற்காகத்தான் வந்தேன் என்றார். அலமாரியிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முற்றத்தில் நடக்கத் தொடங்கினார். நான் ஓடிப்போய் விளக்குப் பலகையை ஓரமாக நகர்த்தினேன்.

"கீந்தாராவுல முப்பத்திரண்டு பேர் இருந்தாங்க" என்றார். "வாசிச்சு முடிச்சதும் முப்பத்திரண்டு பேரும் என் காதைத்தான் பார்த்தாங்க."

மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"போன வெள்ளிக்கிழமை உங்க ஊர் எல்லைக்கல் வரைக்கும் போனேன். அதைத் தாண்டி உக்காந்துட்டேன். எனக்குத் தெரிஞ்சது நடக்குறது ஒண்ணுதான். அன்னைக்கு அதுவும் வரல. நட்சத்திரம் வர்ற வரைக்கும் அங்கேயே இருந்தேன். மூணு வரைக்கும் எண்ணினேன்." நடப்பதை நிறுத்திவிட்டு என் முன்னால் நின்றார். "நான் முதல்ல வந்த அன்னைக்கு வானத்துல ஒண்ணுகூட இல்லன்னு எனக்கும் தெரியும். நீங்க சொன்னப்போ நான் ஏன் வாயைத் திறக்கலன்னு அந்தக் கல்லுகிட்ட உக்காந்துதான் யோசிச்சேன்."

எங்களுக்குப் பின்னால் அப்பா இருமினார். எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை.

எனக்குத் தலை சுற்றுகிறது. உபவாசத்தால்தான். சந்தோஷமாக இருக்கிறேன், பயமாக இருக்கிறது, பசிக்கிறது. மூன்றையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நிசான் 17, சனி

இன்று பிற்பகல் சபையார் எங்கள் முற்றத்தில் கூடினார்கள். ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் ஆளை விசாரிப்பது வழக்கம். வழக்கமாக அது சீக்கிரம் முடிந்துவிடும்.

கீந்தாரா மூப்பரின் கடிதம் மனாயீன் ஐயாவின் மடியில் இருந்தது. அவர் அதைப் பிரிப்பதற்கு முன் நானே எழுந்துவிட்டேன். இன்னொருவர் வாயால் இன்னொரு முறை வாசிக்கக் கேட்க எனக்குத் தெம்பில்லை. நட்சத்திரம் பார்க்கவில்லை, பொய் சொன்னேன், அத்திப்பழமும் பொய், ஊழியக்காரர் கள்ளராக இருக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணினேன், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். காதுகளை மட்டும் விட்டுவிட்டேன். பிறகு அதுவும் மறைத்ததாகும் என்று தோன்றி, அதையும் சொன்னேன்.

மனாயீன் ஐயா தாடியைத் தடவினார். ஒரு வருடம், ஒரு வருடம் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்போது அத்தை எழுந்தாள். சட்டத்தை எங்கள் எல்லோரையும்விட இறுக்கிப் பிடிப்பவள் அவள். இவள் இரண்டு வருடம் கேட்பாள் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு நான் மாடியில நின்னேன்" என்றாள். "சூரியன் மலைமேல ஒரு முழம் உயரத்துல இருந்துச்சு. பார்த்தேன். இவ மூஞ்சியையும் பார்த்தேன். வாயை மூடிக்கிட்டேன்."

இருபது வருடமாக அத்தை சபையில் ஒரு பாவம்கூட அறிக்கை செய்து நான் கேட்டதில்லை. அவள் உட்கார்ந்தபோது அவளைப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குள் அப்பா எழுந்தார். தானும் சூளைக்குப் பின்னால் நின்றதாகவும், வெயில் கண்ணைக் கூசியதாகவும், தன் கணக்குப்படி நாள் விடியலில் தொடங்குவதால் தலையிடவில்லை என்றும் சொன்னார். அத்தை முறைத்ததும் கடைசிப் பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிறகு ஏரஸ்து எழுந்து தன் பங்கைச் சொன்னார், நடக்காமல், ஒரே இடத்தில் நின்று.

எல்லோரும் மூப்பரைப் பார்த்தோம். அவர் கையால் பிடரியைத் தடவிக்கொண்டார்.

"எனக்குக் கண்ணுதான் மங்கல்" என்றார் கடைசியில். "அன்னைக்கு இந்த வாசல்ல நிக்கும்போது என் பிடரியில வெயில் சுட்டுச்சு. சுட்டது எனக்குத் தெரியாதா? நல்ல பிரசங்கி, ரெண்டு நாள் முழுசாக் கேட்கலாம்னு சும்மா இருந்துட்டேன். இப்போ தள்ளிப்போடணும்னா இந்தச் சபையையே ஒரு வருஷம் தள்ளிப்போடணும்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அத்தை இந்தமுறை முக்காட்டை இழுக்கவில்லை. மூப்பர் எங்கள் ஐந்து பேருக்கும், தன்னையும் சேர்த்து, திங்கள் முதல் சனி வரை உபவாசம் என்று விதித்தார். என் ஞானஸ்நானம் நாளைக்கே.

அதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. அத்தை மாடிக்கு ஓடினாள். சூரியன் மலைக்கு மேல் இரண்டு முழம் என்று அறிவித்தாள். சட்டம் இன்னும் இருக்கிறது. ஏரஸ்து கடிதத்தை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும், இல்லை மூன்றாம் நாள் கள்ளத் தீர்க்கதரிசியாக வேண்டும். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: தொழில் தெரிந்தவர் எவரும் சபையில் குடியேறலாம், உழைத்துச் சாப்பிடலாம்.

உங்களுக்கு என்ன தொழில் தெரியும் என்று அப்பா கேட்டார். பானை வனையத் தெரியுமா? தெரியாது. வலை பின்ன? தெரியாது. தச்சு, தையல், தோல்? எதுவும் தெரியாது. ஒரு முழம் என்றாள் அத்தை மேலிருந்து. எனக்கு அழுகை வந்துவிட்டது, புகை எதுவும் இல்லை.

"பதினாறு வயசுலேருந்து நடக்குறேன், ஐயா. வேற எதுவும் கத்துக்கல" என்றார் அவர்.

அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தார். பெரிய, தட்டையான, காய்த்துப்போன பாதங்கள். குதிரைக்காரன் குதிரையைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்.

"செருப்பைக் கழட்டுங்க. மண்ணு மிதிக்க வாங்க" என்றார்.

களிமண் குழியில் காலை முதல் மாலை வரை நடக்க வேண்டும். எங்கும் போய்ச் சேராமல், கட்டி எல்லாம் கரைந்து மண் வெண்ணெய் ஆகும் வரை நடக்க வேண்டும். குயவர் தொழிலில் பாதி அதுதான். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து எங்களுக்கு அதற்கு ஆள் இல்லை. ஏரஸ்து குழியில் இறங்கினார். முதல் அடியில் வழுக்கி இடுப்பு வரை சேறானார். இரண்டாவது அடியில் பிடி கிடைத்தது. பிறகு பேச ஆரம்பித்தார், பேசினால் கால் தானாக நடக்கிறதே. அத்தை மாடியிலிருந்து சூரியன் மறைந்தது என்று கத்தியபோது அவர் குழிக்குள் பதினோராவது சுற்றில் இருந்தார்.

மிதித்துக்கொண்டே அப்பாவிடம் ஒன்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டிய வேகத்தில் முக்காடு கீழே விழுந்தது. கல்யாணம் கோதுமை அறுவடை முடிந்ததும், மூப்பர் முன்னிலையில் என்று முடிவாயிற்று. முதலில் ஒழுங்காக மண் மிதிக்கட்டும் என்றார் அப்பா.

இந்தச் சில்லு தீர்ந்துவிட்டது. ஓரத்தில் எழுதுகிறேன். பசியே தெரியவில்லை.

நிசான் 18, ஞாயிறு

ஆற்றங்கரையில் நிற்கும்போது இருட்டுப் பிரியவில்லை. சில்லுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டேன். ஒன்று குறைந்தது. காதுகளைப் பற்றி எழுதியது.

கரையில் நின்ற அவரைப் பார்த்தேன். அதை இடுப்பில் முடிந்து வைத்திருந்தார். கொடுங்கள், ஆற்றில் போட வேண்டும் என்றேன். அதற்கு அவர், பாவத்தையெல்லாம் நேற்றே சபைமுன் அறிக்கை செய்தாயிற்று, இதில் மீதி இருப்பது தன் நற்சாட்சிக் கடிதம் மட்டும்தான், தன்னிடமே இருக்கட்டும் என்றார். மனாயீன் ஐயாவைப் பார்த்தேன். தனக்குக் கண் மங்கல் என்று அவர் சொன்னார்.

தண்ணீர் பனி உருகிய தண்ணீர். மூன்று முறை முங்கினேன். மூன்று முறையும் மூச்சு நின்று திரும்ப வந்தது. மேலே வந்தபோது கிழக்கே வெளுத்திருந்தது. அங்கே உண்மையாகவே நட்சத்திரங்கள் இருந்தன. நான் எண்ணவில்லை. அத்தை துணியால் என்னைச் சுற்றி, சமாதானம் என்று சொல்லி நெற்றியில் முத்தமிட்டாள். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத்தான் அந்த முத்தம். இதற்காக எத்தனை வருடம் வெளியே நின்றேன். அழுதேன், அத்தையும் அழுதாள். பிறகு முதல்முறையாக எல்லோரோடும் உள்ளே நின்று அப்பம் எடுத்தேன்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். இது புதுச் சில்லு. பாவம் எதுவும் எழுத வேண்டியதில்லை, ஆனாலும் கை பழகிவிட்டது. முற்றத்தில் அவர் குழிக்குள் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறார், யோனாவின் மீனைப் பற்றி அப்பாவுக்கு இன்னும் ஏதோ சொல்கிறார். அத்தை ரொட்டியோடு குழியருகில் நிற்கிறாள். வெயில் நன்றாக ஏறிவிட்டது.

மூன்றாம் நாள். அவர் போகவில்லை.